வலிமையான பாஸ்போர்ட்டும் டொரோண்டோவில் பத்து நாளும்



நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. யாரோ எழுதி, யாரோ அனுப்பி, பத்துக் கை மாறி வந்தது. "அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகிறவர்கள் கவனிக்க! 90 நாள் முடிவதற்குள் கனடா அல்லது மெக்சிகோ போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினால் புதிதாக 90 நாள் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம்." கீழே கைகூப்பும் படம் மூன்று, "பயனுள்ள தகவல்" என்ற பாராட்டு ஏழு.

அடுத்த அரை மணி நேரத்தில் என் பழைய மாணவி ஒருத்தி தனியாக எழுதினாள். "ஐயா, அம்மா அக்காவின் பிரசவத்துக்கு சியாட்டல் போறாங்க. வான்கூவர் பக்கந்தான். இது சரியா வருமா?"

வராது, அம்மா. அவளுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தச் செய்தி இன்னும் எத்தனை வீடுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தபோது இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே பொய்யை நம்பி நானும் என் மனைவியும் 2024இல் ஏமாந்தோம். வெட்கப்பட்டு இதுவரை இங்கே எழுதவில்லை. இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் மிச்சிகனில் இருக்கிறாள். முதல் குழந்தை. மாப்பிள்ளை திருச்சிக்காரர். அவருடைய அம்மாவுக்கு அப்போது விசா இல்லை; சென்னையில் நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். ஆகவே பிரசவம் பார்க்கும் பொறுப்பு முழுக்க என் மனைவி தலையில். நாங்களோ சிங்கப்பூர்க் குடிமக்கள். "உங்களுக்கென்ன, உலகத்திலேயே வலிமையான பாஸ்போர்ட்" என்று எல்லோரும் சொன்னார்கள். பட்டியலில் நாம் முதலிடம் என்று நாளிதழில் வந்த செய்தியை நானே வெட்டி அனுப்பியவன்தான். எஸ்டா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பினேன், 21 வெள்ளி அமெரிக்கப் பணம் கட்டினேன் (2025இல் 40 ஆனது), மறுநாளே அனுமதி வந்துவிட்டது. ஈப்போவில் இருக்கும் என் மனைவியின் அக்காளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மலேசியா அந்தத் திட்டத்தில் கிடையாது. முன்பு அவர் தன் மகனைப் பார்க்கப் போனபோது தூதரகத்தில் வரிசையில் நின்று, நேர்காணலுக்குப் போய், விரல்ரேகை வைத்து விசா வாங்கினார். "பாவம், அக்கா" என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்தப் 'பாவம் அக்கா' விமான நிலையத்தில் இறங்கியபோது ஆறு மாதம் தங்க அனுமதி வாங்கினார். வலிமையான பாஸ்போர்ட்டோடு இறங்கிய எங்களுக்கு 90 நாள். ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாத 90 நாள்.

மார்ச் 10ஆம் தேதி இறங்கினோம். அன்று முதல் எண்ணினால் ஜூன் 7 கடைசி நாள். ஏப்ரல் 4 அன்று பேரன் பிறந்தான், அறுவை சிகிச்சை. அமெரிக்காவில் பிரசவ விடுப்பு என்பது எப்படிப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியாது. அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் கொடுப்பது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல். நிறுவனமோ மாநிலமோ மனமிரங்கினால்தான் அதற்கு மேல். மகளின் 12 வாரம் ஜூன் 27இல் முடிகிறது. எங்கள் 90 நாள் ஜூன் 7இல் முடிகிறது. நடுவில் மூன்று வாரப் பள்ளம். அதற்குப் பிறகு, மகள் வேலைக்குப் போனதும், குழந்தையைப் பார்க்க யார்?

இந்த இடத்தில்தான் டொரோண்டோவில் இருக்கும் மச்சான் வந்தார். என் மனைவியின் சித்தப்பா மகன். நல்ல மனிதர், முப்பது ஆண்டுகளாக ஸ்கார்பரோவில் இருக்கிறார். "அத்தான், இதுக்கெல்லாமா கவலை? இங்க வந்து பத்து நாள் இருங்க. நயாகரா காட்டுறேன். திரும்பிப் போகும்போது பார்டர்ல புதுசா தொண்ணூறு நாள் குடுத்துருவான். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க லண்டன்லேருந்து வந்த மாமியாருக்கு அப்படித்தான் செஞ்சாங்க."

நம்பினோம். ஏன் நம்பினேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். நாம் பாலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். ஜோகூர் பாலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, திரும்பும்போது புது முத்திரை வாங்கிவந்த வெளிநாட்டு நண்பர்களின் கதைகளைக் கேட்டுப் பழகியவர்கள். மலேசியாவில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து போய்வருவதைப் பார்த்தவர்கள். எல்லையைத் தாண்டினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும் என்பது நம் ஊர்ப் பக்கத்துப் பாலபாடம். இங்கேயும் அது யாருக்கும் உரிமை இல்லை, அதிகாரி பார்த்துக் கொடுப்பதுதான் என்பதை மட்டும் நாம் கதையில் சேர்ப்பதில்லை. தாய்லாந்தே தரைவழியாக விசா இல்லாமல் வருவதை ஆண்டுக்கு இரண்டு முறை என்று வரையறுத்தது, இந்த விளையாட்டைப் பார்த்துச் சலித்துத்தான்.

மே 23ஆம் தேதி மச்சான் மகன் காரோடு வந்து அழைத்துப்போனான். மாப்பிள்ளை வரமுடியாது, அவர் இந்தியக் கடப்பிதழ், கனடாவுக்குத் தனி விசா வேண்டும். நாங்கள் தரைவழியாகப் போனதால் கனடாவின் மின்னியல் அனுமதிகூடத் தேவைப்படவில்லை (விமானத்தில் போனால் வேண்டும், ஏழு கனடிய டாலர்). வலிமையான பாஸ்போர்ட் மறுபடியும் மார்தட்டிக்கொண்டது. பேரனுக்கு அப்போது ஏழு வாரம். அன்று காலை குளிப்பாட்டிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மனைவி கிளம்பினாள். "பத்து நாள்தானே, அப்புறம் மூணு மாசம் என் மடியில இருப்பான்" என்று மகளைத் தேற்றினாள்.

ஜூன் 1, ஞாபகம் இருக்கிறது, சனிக்கிழமை. திரும்பி எல்லைக்கு வந்தோம். அதிகாரி மரியாதையானவர். கடப்பிதழை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். எங்கே போனீர்கள், எத்தனை நாள், ஏன் திரும்புகிறீர்கள் என்று கேட்டார். மனைவி உண்மையைச் சொன்னாள், பேரன் பிறந்திருக்கிறான் என்று. அவர் வாழ்த்தினார். பிறகு சொன்னார்: உங்களுக்கு ஜூன் 7 வரை அனுமதி இருக்கிறது. நான் புது 90 நாள் பற்றிக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். கனடாவில் இருந்த நாட்களும் அந்த 90க்குள்தான் அடக்கம் என்றார். ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை. நாங்கள் அமெரிக்காவில் இல்லாத பத்து நாட்கள், அமெரிக்காவில் இருந்த நாட்களாக எண்ணப்பட்டிருக்கின்றன!

அன்று 84ஆம் நாள். மிச்சம் ஆறு நாள்.

புது 90 நாளைப் பிடிக்க வேண்டும் என்று பேரனை விட்டுப் பத்து நாள் பிரிந்திருந்தோம். அந்தப் பத்து நாளும் எங்கள் கணக்கிலிருந்தே கழிக்கப்பட்டது. சும்மா வீட்டிலேயே இருந்திருந்தால் அவனோடு பத்து நாள் கூடுதலாக இருந்திருப்போம். நயாகராவில் எடுத்த படங்களை என் மனைவி இன்றுவரை திறந்து பார்த்ததில்லை.

சரி, இனி சட்டத்துக்கு வருகிறேன். ஆசிரியர் புத்தி, திரும்பி வந்ததும் உட்கார்ந்து படித்தேன். போவதற்கு முன் படித்திருக்க வேண்டியது.

இந்த விசா விலக்குத் திட்டம் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் சோதனை முயற்சியாகப் பிறந்தது. 1988இல் பிரிட்டன் முதலில் சேர்ந்தது. சிங்கப்பூர் 1999இல் சேர்ந்தது. 2000இல் நிரந்தரமானது. 2009 ஜனவரியிலிருந்து எஸ்டா கட்டாயம். இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ளே இருக்கின்றன. இதன் விதிகளில் ஒன்று: உள்ளே வந்தபின் அண்டை நாட்டுக்கோ அருகிலுள்ள தீவுக்கோ சிறு பயணம் போய்த் திரும்பினால், முதலில் கொடுத்த 90 நாளில் மிச்சம் உள்ளதற்குத்தான் மீண்டும் உள்ளே விடப்படுவீர்கள். கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகள் எல்லாம் இந்தக் கணக்கில்.

நியாயமாகப் பேசுவோம். இதை எழுதியவர்கள் தண்டனையாக எழுதவில்லை. நயாகராவின் அந்தக் கரையைப் பார்த்துவிட்டு வருகிறவரை மறுபடி முதலிலிருந்து விசாரிக்காமல், பழைய அனுமதியிலேயே உள்ளே விடுவதற்கான வசதி அது. அதோடு, எல்லையில் காலை வைத்து எடுத்து ஆயுள் முழுக்க அங்கேயே குடியிருக்கும் தந்திரத்தைத் தடுக்கவும் அது வேண்டும். ஒரு நாட்டுக்கு அந்த உரிமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நம் நாடும் அதைத்தான் செய்யும்.

ஆனால் தந்திரத்தைத் தடுப்பது வேறு, இல்லாத நாளை இருந்ததாக எழுதுவது வேறு. புது 90 நாள் தரவேண்டாம். அந்தப் பத்து நாளையாவது கழிக்காமல் விட்டிருக்கலாமே? ஐரோப்பாவைப் பாருங்கள். ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள் தங்கலாம். நடுவில் லண்டன் போய்ப் பத்து நாள் இருந்தால் அந்தப் பத்து நாள் எண்ணப்படாது. நீங்கள் உள்ளே இருந்த நாள்தான் கணக்கு. எல்லையைத் தாண்டித் தாண்டி ஏமாற்றவும் முடியாது, வெளியே இருந்த நாளுக்குத் தண்டமும் இல்லை. (அங்கேயும் கண்ணிகள் உண்டு. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அங்கே போனால் கடிகாரம் நிற்காது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. அங்கே போனால் நிற்கும்.) ஆக, நேர்மையான கணக்கு சாத்தியம்தான். ஓர் ஆரம்பப்பள்ளி மாணவனால் போடக்கூடிய கூட்டல் கழித்தல் அது.

'அருகிலுள்ள தீவுகள்' என்பதன் பட்டியலையும் பாருங்கள். டிரினிடாட் அதில் இருக்கிறது. அது வெனிசுவேலாவின் வாசலில் கிடக்கிற தீவு. குவாத்தமாலா அதில் இல்லை. மெக்சிகோவுக்கு அடுத்த நாடு, மயாமியிலிருந்து டிரினிடாடைவிடப் பக்கம். கூபாவும் அந்தப் பட்டியலில் 'அருகிலுள்ள தீவு'தான். ஆனால் 2021 ஜனவரி 12க்குப் பிறகு கூபாவில் கால் வைத்த ஒருவர் எஸ்டாவுக்கே தகுதி இழக்கிறார். பிறகு தூதரகத்தில் விசா கேட்டுத்தான் நிற்க வேண்டும். ஒரு சட்டத்தில் அண்டை வீடு, இன்னொரு சட்டத்தில் தீண்டத்தகாத வீடு. கப்பல் சுற்றுலா போகும் ஓய்வுபெற்ற நண்பர்கள் இந்த ஒரு வரியையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிட உறுத்தியது வேறொன்று. தமிழாசிரியன் என்பதால் உறுத்தியிருக்கலாம். நாம் 'விசா விலக்கு' என்று எழுதுகிறோம். விலக்கு என்றால் நமக்கு ஒரு சலுகை, ஒரு சுமை இறங்கியது என்று பொருள். ஆங்கிலத்தில் 'வெய்வர்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. விலக்கு ஒரு பக்கம், துறப்பு மறுபக்கம். அவர்கள் விசாவை விலக்குகிறார்கள். பதிலுக்கு நாம் உரிமையைத் துறக்கிறோம். எஸ்டா விண்ணப்பத்தில் 'உரிமைத் துறப்பு' என்ற தலைப்பிலேயே ஒரு பத்தி இருக்கிறது. உள்ளே விடலாமா கூடாதா என்று எல்லை அதிகாரி எடுக்கும் முடிவை எதிர்த்து மறுபரிசீலனையோ மேல்முறையீடோ கேட்கமாட்டேன். அகதித் தஞ்சம் கோருவதைத் தவிர, என்னை வெளியேற்றுவதை எதிர்த்து வழக்காடமாட்டேன். இதற்கு ஒரு கட்டத்தில் குறியிட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நான் குறியிட்டேன். வினாத்தாளை இரண்டு முறை படி, அப்புறம் பேனாவை எடு என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளிடம் சொன்ன நான், அந்தப் பத்தியை ஒரு முறைகூடப் படிக்காமல் குறியிட்டேன்.

தமிழில் யாராவது அதை 'விசா விலக்கு – உரிமைத் துறப்புத் திட்டம்' என்று முழுதாக மொழிபெயர்த்திருந்தால் நான் நின்று படித்திருப்பேனா? தெரியவில்லை. ஆனால் நம் நாளிதழ்களும் சுற்றுலா முகவர்களும் பாதிச் சொல்லைத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை.

அந்த நீட்டிப்பில்லாத 90 நாளும் இதே பேரத்தின் பகுதிதான். விசாவோடு வந்தவர் காரணம் காட்டி நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். விலக்கில் வந்தவர் விண்ணப்பிக்கவே முடியாது. மருத்துவமனையில் படுத்துவிட்டீர்கள், விமானமே ஓடவில்லை என்பது போன்ற அவசரத்துக்கு மட்டும் 30 நாள் வரை பொறுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. பேரனைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவசரத்தில் சேராது.

அடுத்து, நம்மவர்களோடு எனக்கு உள்ள சண்டை.

மச்சான் பொய் சொல்லவில்லை. அவர் பக்கத்து வீட்டு மாமியாருக்குப் புது 90 நாள் உண்மையாகவே கிடைத்திருக்கலாம். அதிகாரிக்கு அந்த இடம் இருக்கிறது, சிலருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் இந்த வதந்தியின் உயிர். பத்துப் பேர் போய் இரண்டு பேருக்குக் கிடைத்தால், அந்த இரண்டு பேர் இருபது குழுக்களில் எழுதுகிறார்கள். கிடைக்காத எட்டுப் பேர் என்னைப்போல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். "எனக்குக் கிடைச்சுது" என்பது சாட்சிதான், விதி அல்ல. வகுப்பில் ஒரு பையன் படிக்காமல் தேறிவிட்டான் என்பதால் படிக்காமல் தேறலாம் என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா?

இன்னொரு ஆலோசனை மிச்சிகனிலேயே வந்தது, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து. "பேசாம இருந்துருங்க. வயசான ரெண்டு பேரை யாரு தேடப் போறா?" பாசத்தில் சொன்னார். ஆனால் இது முன்னதைவிட ஆபத்து. விலக்குத் திட்டத்தில் ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் அந்தத் திட்டத்தில் மறுபடி வரும் தகுதி போய்விடும். வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு முறையும் விசாவுக்கு நிற்க வேண்டும், ஏன் தங்கினாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே. யாரும் தேட வேண்டியதில்லை. நீங்கள் விமானம் ஏறும்போது கணினியே சொல்லிவிடும். கனடா வழியாகப் போனாலும் தப்ப முடியாது. கனடாவுக்குள் நீங்கள் நுழைந்த பதிவை அமெரிக்கா வெளியேறிய பதிவாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நாடும் 2013 முதல் வெளிநாட்டவரின் தரைவழித் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன.

மூன்றாவது வகையினர் எனக்கு அதிகம் எரிச்சலூட்டுபவர்கள். இந்தக் கதையை என் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "சட்டம் சட்டம்தானே சார், நீங்க ஏமாத்தப் பாத்தீங்க, மாட்டிக்கிட்டீங்க" என்றார். அப்போது கோபம் வந்தது. இப்போது பாதியை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் ஆறு மாதம் தங்கும் எண்ணத்தோடு, 90 நாளுக்கான கதவு வழியாக நுழைந்தோம். திரும்பும் பயணச்சீட்டு ஜூன் 6க்கு எடுத்தோம், பிறகு தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு. இது நேர்வழி என்று என்னால் சொல்ல முடியாது. நேர்வழி ஒன்று இருந்தது. இங்கேயே, நேப்பியர் ரோட்டில் இருக்கும் தூதரகத்தில், சாதாரண வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கலாம். விலக்கு நாட்டவர் விசா கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. மகளுக்குப் பிரசவம், ஐந்து மாதம் தங்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். கொடுத்திருந்தால் ஈப்போ அக்காளைப்போல ஆறு மாதம். ஏன் செய்யவில்லை? 'நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசாவா?' என்ற திமிர். ஆமாம், திமிர்தான். முதலிடப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விசா வரிசையில் நிற்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகத் தோன்றியது.

நண்பர் சொன்னதில் நான் ஒத்துக்கொள்ளாத மறுபாதி இது. 'சட்டம் சட்டம்தான்' என்பவர்கள், அந்தச் சட்டம் சாமானியன் கண்ணில் படும்படி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்பதில்லை. நாங்கள் இறங்கியபோது கடப்பிதழில் முத்திரைகூடக் குத்தவில்லை. தங்கும் கடைசித் தேதி ஐ-94 என்ற பதிவில், இணையத்தில் இருக்கிறது. நாமே தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். பக்கப் பயணம் பற்றிய விதியும் தேடினால் கிடைக்கிறது. தேடுவதற்கு முதலில் சந்தேகம் வரவேண்டுமே! கனடாவில் இருக்கும்போது அமெரிக்கக் கடிகாரம் ஓடும் என்று எந்த மனிதனுக்கு இயல்பாகத் தோன்றும்? கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதி தரும்போது, அந்த அனுமதிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு வரி: கனடா, மெக்சிகோ, கரீபியன் போனாலும் உங்கள் 90 நாள் ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் போடுவதற்கு என்ன செலவு?

இனி, வேறு எங்காவது போய்த் திரும்பினால் என்ன என்று கேட்பீர்கள், தெரியும். பட்டியலுக்கு வெளியே உள்ள நாட்டுக்கோ, சிங்கப்பூருக்கோ போய்த் திரும்பினால் அது புதிய வருகை. புது 90 நாள் கிடைக்கலாம். ஆனால் இத்தனை நாள் வெளியே இருந்தால் போதும் என்று எழுதிவைத்த எண் எதுவும் இல்லை. போன வாரம் வெளியேறி இந்த வாரம் வருகிறவரை, நீ விருந்தாளியா, குடியிருப்பவனா என்று கேட்பார்கள். பதில் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். மேல்முறையீடு இல்லை, அதைத்தான் நாம் துறந்துவிட்டோமே.

கனடாவிலிருந்து அப்படியே ஊர் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 90 நாளுக்குள் கனடாவுக்குள் போய்விட்டு, அங்கிருந்து நேராக ஆசியா வந்தால் சிக்கல் இல்லை. ஆனால் மலிவு என்று நியூயார்க் வழியாகவோ சிகாகோ வழியாகவோ சீட்டு எடுத்தால், விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்காவுக்குள் நுழைந்தாக வேண்டும். அந்த நாட்டில் நம் சாங்கியைப்போல நுழையாமலே விமானம் மாறும் வசதி கிடையாது. அதற்குள் உங்கள் 90 நாள் முடிந்திருந்தால் டொரோண்டோ விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடக்கிறது.

நாங்கள் ஜூன் 6 அன்று கிளம்பினோம். பேரனுக்குச் சரியாக ஒன்பது வாரம். பாட்டி இருப்பாள் என்ற நம்பிக்கையில் மகள் எந்தப் பராமரிப்பு நிலையத்திலும் பதிவு செய்யவில்லை. கைக்குழந்தைகளுக்கு எங்கே கேட்டாலும் காத்திருப்புப் பட்டியல். கடைசியில் மாப்பிள்ளை சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். ஆகஸ்டில்தான் இடம் கிடைத்தது. என் மனைவி கொண்டுபோன பிரசவ லேகியத்தில் பாதிப் போத்தல் அப்படியே அவள் சமையலறையில் இருந்தது என்று மகள் பிறகு சொன்னாள்.

மச்சானிடம் நான் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை. நேற்று வந்த அந்தச் செய்தியைக் குழுவில் போட்டதும் அவர்தான். இன்று காலை தொலைபேசியில் அழைத்து, எங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியுமே, பிறகு ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "அத்தான், உங்களுக்குத்தான் அந்த ஆபீசர் சரியில்ல. மத்தவங்களுக்காவது உதவட்டுமேன்னு போட்டேன்" என்கிறார்!

மாணவியின் அம்மாவுக்கு விசா விண்ணப்பம் போட்டாயிற்று. படிவத்தை நானும் அவளும் சேர்ந்துதான் நிரப்பினோம், இந்த முறை ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்து. தங்கும் காலம் என்ற இடத்தில் ஐந்து மாதம் என்றே எழுதினோம். நேர்காணல் அடுத்த மாதம் 12ஆம் தேதி.

இதைப் படித்துவிட்டு "எங்களுக்குக் கிடைத்ததே" என்று எழுத வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஆண்டு, எந்த எல்லை, எத்தனை நாள் மிச்சம் இருந்தபோது திரும்பினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிடைக்காதவர்களும் எழுதுங்கள். முக்கியமாக நீங்கள்.